ஐந்தாவது ஏன்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. விட்டுவிட்டுச் சாரல். கருங்கல்லுக்குத் தெற்கே இருந்த அந்த ரப்பர் பால் தொழிற்சாலையின் தகரக் கூரை ஒரு சமயம் இரைந்தது, ஒரு சமயம் ஓய்ந்தது. கழிவுநீர்ப் பிரிவு ஆப்பரேட்டர் சுதனை எதிரில் உட்காரவைத்து விசாரிக்க வேண்டிய பொறுப்பு சுற்றுச்சூழல் அலுவலர் சுஜாவுக்கு. சுதன் அவளுடைய கணவன்.

சொந்தக்காரரை விசாரிக்கலாகாது என்று நிறுவனத்தின் சுற்றுச்சூழல் மேலாண்மை விதிகளில் எழுதிவைத்தவளே அவள்தான். மேலாளர் முருகதாசிடம் சொல்லிப் பார்த்தாள்.

"வேற ஆளு எங்க மேடம் இருக்கு? வெள்ளிக்கிழம சர்டிபிகேட்டுக்காரன் வந்து நிப்பான்" என்று கையை விரித்துவிட்டு, அவரும் கூட வந்து உட்கார்ந்துகொண்டார்.

நடந்தது இது. சுத்திகரித்த நீரைக் கால்வாயில் விடும் வால்வை, முந்தின வாரம் ஒரு காலையில் சுதன் அடைத்தான்; திறக்க மறந்தான். உச்சிவேளையில் மழை கொட்டியது. போக்கிடமின்றித் தண்ணீர் பின்னுக்குத் தேங்கி, சுத்திகரிக்காத அமிலநீர்த் தொட்டியும் நிரம்பி வழிந்து பக்கத்துக் குளத்தில் இறங்கியது. மீன்கள் செத்து மிதந்தன.

தவறு நேர்ந்தால் 'ஏன்' என்று கேட்டு, வந்த விடையை மீண்டும் 'ஏன்' என்று கேட்டு, ஐந்து முறை தோண்டி மூலகாரணத்தை எடுக்க வேண்டும் என்பது முறை.

"குளத்தில ஏன் இறங்கிச்சு?"

"தொட்டி நிறஞ்சு போச்சு."

"ஏன் நிறஞ்சுது?"

"வால்வு அடைச்சுக் கெடந்துது."

"ஏன் அடைச்சீங்க?"

"கால்வாயில அந்தத் தண்ணி போவப்பிடாதுன்னு."

"நல்ல தண்ணிதானே? ஏன் போவப்பிடாது?"

சுதன் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தான்.

"நாலு ஏன் போதும் மேடம்" என்றார் முருகதாஸ். "பயிற்சி போதாதுன்னு எழுதி முடிங்க. தெரியாமச் செஞ்சா மறுபயிற்சி, தெரிஞ்சு செஞ்சா வேலநீக்கம். அஞ்சாவது கேட்டா அது சாமிகிட்டப் போய் நிக்கும். அவருகிட்டக் கையெழுத்து வாங்க நம்மளால ஆவாது."

யாரும் சிரிக்கவில்லை. சுஜா மறுபடி கேட்டாள்: "ஏன்?"

"அண்ணைக்கு நந்தனாவுக்கு வருசம் திரும்பிச்சு."

நந்தனா அவர்களுடைய மகள்; மூன்று வயதில் காய்ச்சலில் போன பிள்ளை. சின்னப் பிள்ளைக்குத் திதி கிடையாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னபோது சுதன் தலையாட்டினான். அன்று காலையும் வழக்கம்போல் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். மறந்துவிட்டானே என்று சுஜா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அன்றுமுதல் அவனோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

"கால்வாய்ப் படித்துறையில பிச்சிப்பூ விட்டேன். அவ காலு நனச்ச எடம்லா. சுத்தம் செஞ்சாலும் நம்ம தண்ணியில அமோனியா மணம் கெடக்கும்; அது அங்க வரப்பிடாதுன்னு தோணிச்சு. பூ போறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். வந்து தொறக்கணும்ங்கிற நெனவே இல்ல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"நீ கொஞ்சம் மறந்திருக்கேன்னு நெனச்சேன். கிண்டிவிடாண்டாம்னு..."

முருகதாஸ் சன்னலைப் பார்த்துக்கொண்டு, "பயிற்சி போதாதுன்னே எழுதுங்க மேடம்" என்றார்.

அந்தப் பயிற்சியை அவனுக்குக் கொடுத்தவள் சுஜா. ஓர் ஒற்றுப் பிழைக்காக முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதுகிறவள், முழுப் பொய்யொன்றை எழுதப் பேனாவைத் திறந்தாள். சுதன் தாளின்மேல் கையை வைத்தான்.

"தெரியாம அடைச்சேன்னு எழுதாத, சுஜா. பிள்ளைக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதான். தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"ஏலே, வேல போயிரும்டே!" என்றார் முருகதாஸ்.

"போவட்டும் சார். மீனெல்லாம் செத்துதுல்லா."

அவன் கையை எடுக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு 'அறிந்தே அடைத்தார்' என்று எழுதினாள். ஐந்தாவது ஏனுக்கு எதிரே 'மகளுக்காக' என்று மட்டும் எழுதினாள். வாக்கியம் முடியவில்லை, அவள் முடிக்கவும் இல்லை. கீழே கையெழுத்திட்டாள்.

வேலைநீக்க உத்தரவு தட்டச்சாகி வந்தது. முருகதாஸ் அதை இரண்டு முறை படித்தார்; பேனா எழுதவில்லை என்று உதறினார்; கடைசியில் கையெழுத்திட்டு, யார் முகத்தையும் பாராமல் சுஜாவிடம் தள்ளினார். விசாரித்த அலுவலர் கையால் கொடுக்க வேண்டும் என்பது விதி.

அவள் எழுந்து நீட்டினாள். சுதனும் எழுந்து, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.