ஊதுற மருந்து

எங்கள் டிஸ்பென்சரியில் ‘இழு’ என்ற வார்த்தையை நான் ஒரே ஒருமுறைதான் உரக்கச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என்னை எமனுக்குச் சொந்தக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சாராள். வீட்டுக்காரருக்கு ஆவடி ஃபாக்டரியில் வேலை, குடியிருப்பு குவார்ட்டர்ஸில். எனக்குக் கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தர்ம டிஸ்பென்சரியில் நர்ஸ் உத்தியோகம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று மாமியார் வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். அந்த வாயால்தான் நான் பேர் வாங்கினேன்.

எப்படியென்றால், வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைகளுக்கு உப்பு சர்க்கரை பாக்கெட் கொடுத்து அனுப்புவோம். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். லிட்டர் என்றால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ரேஷன் கடை மண்ணெண்ணெய்தான் ஞாபகம் வரும். அரை டம்ளர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டி, கெட்டியாக இருந்தால்தான் மருந்து பிடிக்கும் என்று பிள்ளை வாயில் ஊற்றினார்கள். தொண்டை வறளக் கத்திப் பார்த்துவிட்டு, ஒருநாள் கோபத்தில் “ரெண்டு பால் கவர் தண்ணிக்கு ஒரு பாக்கெட்டும்மா” என்றேன். அவ்வளவுதான். பால் கவர் எல்லார் வீட்டிலும் தினமும் வருகிறது, அரை லிட்டர் அளவு கண்ணிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு தப்பாகக் கலக்கியவர்கள் அபூர்வம். சரியான வார்த்தை கிடைத்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது என்று அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த முடிவைச் சோதித்துப் பார்க்க வந்து சேர்ந்தாள் வேம்புலியம்மாள்.

வேம்புலியம்மாள் மீன்காரி. விடிவதற்குள் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் மீன் எடுத்துக்கொண்டு, கூடையோடு மின்சார ரயிலில் வந்து கொரட்டூரில் இறங்குவாள். ‘மீனு’ என்று அவள் கூவுவது ஊர் அறிந்தது. தெருமுனையில் நின்று ‘மீ’யை ஆரம்பித்தாளானால் அது நாலு தெருவும் சுற்றிவிட்டு வரும், அதற்குப் பிறகுதான் ‘னு’ வந்து இறங்கும். அந்த இடைவெளியில் சாவகாசமாகச் சட்டியைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தால் போதும், அவளைப் பிடித்துவிடலாம்.

தொண்ணூற்று மூன்றில் மழை முடிந்து பனி இறங்கியதும் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. ‘மீ’ என்று ஆரம்பிப்பாள், ‘னு’ வருவதற்குள் இருமல் வந்துவிடும். பாதி மீன் காதில் விழுந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? போதாக்குறைக்கு கஜபதி என்று ஒருவன் டி.வி.எஸ். வண்டியில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டே தெருத்தெருவாக வர ஆரம்பித்தான்.

“ஊசி போடு சிஸ்டரம்மா” என்று வாரம் தவறாமல் வந்து நிற்பாள். யாராக இருந்தாலும் அவளுக்கு ‘நீ’தான், டாக்டர் உட்பட. “ஊசி போட்டாக்கா ஒரு நாளு, ரெண்டு நாளு கூவுவேன். அப்பால மறுபடியும் நெஞ்சு அடச்சிக்குது. அந்த வண்டிக்காரன் ஆரன் அட்சிகினே என் தெருவுல எல்லாம் பூந்துகினு கீறான். பொங்கலுக்குள்ள எனக்குக் கொரலு வர்லன்னு வையி, அப்பறம் எனக்குத் தெருவே இல்ல. கூடய கவுத்து வச்சிட்டு ஊட்ல குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்.”

புருஷன் இல்லாதவள். கூடை கவிழ்ந்தால் அடுப்பும் கவிழ்ந்த மாதிரிதான். 

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு இன்ஹேலர் பம்புகள் பெட்டி பெட்டியாக வந்தன. யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பியது. நீல நிறத்தில் ஒன்று, இழுப்பு வந்தால் எடுப்பதற்கு. பழுப்பில் ஒன்று, இழுப்பு வராமல் இருக்கத் தினமும் காலையிலும் மாலையிலும் எடுப்பதற்கு. டாக்டர் பக்தவத்சலத்துக்கு அதில் நம்பிக்கையே இல்லை.

“குத்தினாத்தான் இந்த ஊர்ல வைத்தியம்னு ஒத்துக்குவாங்க, சிஸ்டர். சரி, உங்க ஆசைக்குப் பொங்கல் வரைக்கும் பாருங்க. யாரும் தேறலைன்னா பெட்டியோட திருப்பி அனுப்பிடலாம்” என்றார்.

முதல் ஆளாக வேம்புலியம்மாளை உட்கார வைத்தேன். நீலப் பம்பைக் குலுக்கி அவள் வாயில் வைத்து, “நான் அமுக்குறேன், நீங்க நல்லா இழுங்க” என்றேன்.

அவள் பம்பை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். “இன்னா சிஸ்டரம்மா, காலங்காத்தால இழு இழுன்ற? எங்க மாமியா மூணு நாளு இழுத்துகினு கெடந்துதான் போச்சு. நான் இழுப்பு போவட்டும்னு வந்தா, நீ இழுன்னே வாய் வைக்கிறியே.”

பெஞ்சு முழுக்க அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. நோய்க்கும் இழுப்பு என்றுதான் பேர், உயிர் போகிற நேரத்துக்கும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்றுதான் பேர். அந்த வார்த்தையை நர்ஸே சொன்னால் எந்த நோயாளி வாய் திறப்பார்? காகிதப் பூ விற்கும் கிழவர் ஒருவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார்.

என்னோடு வேலை பார்த்த ஜமீலா சின்னப்பெண், கெட்டிக்காரி. “அக்கா, அந்தப் பேச்சே வேணாம். ஊதுற மருந்துன்னு சொல்லிடலாம்” என்றாள். சொன்னோம். எல்லாருக்கும் பிடித்துப்போனது. “ஊதுற மருந்து வந்துகீதாமே” என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். ஜமீலாவே எல்லாருக்கும் வாயால் சொல்லிப் பம்பைக் கொடுத்து அனுப்பினாள், எடுத்துக் காட்டச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் ஒருத்தருக்கும் குணமாகவில்லை. பழையபடி இரைத்துக்கொண்டு வந்து ஊசிக்குக் கையை நீட்டினார்கள். டாக்டர் சிரித்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

பொங்கல் நெருங்கிவிட்ட ஒரு காலை வேம்புலியம்மாள் கூடையைத் தலையில் வைக்க முடியாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். கூடையில் மீன் அப்படியே இருந்தது. உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒருதரம் நின்று, “எனக்கு... இதெல்லாம்... பலிக்காது... ஊசியே... போட்ரு” என்றாள்.

“எப்படி எடுக்குறீங்க, காட்டுங்க பார்ப்போம்” என்றேன்.

அவள் பம்பை இரண்டு கையாலும் அடுப்பங்கரை ஊதாங்குழல் மாதிரிப் பிடித்தாள். வாயில் வைத்தாள். கன்னம் உப்ப, பம்பை அமுக்கி, பூவென்று ஊதினாள். மருந்து முழுவதும் வெள்ளைப் புகையாகச் சுவரிலிருந்த காலண்டர் மேல் போய்ப் படிந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “இத்தனை நாளும் இப்படியா பண்ணீங்க?”

“நீதான... ஊதுற மருந்துன்ன” என்றாள் வேம்புலியம்மாள்.

ஜமீலாவின் முகம் செத்துவிட்டது. எனக்கோ கோபம் திரும்பிச் சிரிப்பாக வந்துவிட்டது. ஊதச் சொன்னோம், ஊதினார்கள். கொரட்டூரில் காலண்டர்களுக்கெல்லாம் மூச்சுத் திணறல் தீர்ந்திருக்கும்.

சரி, வேறு வார்த்தை பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். “உறிஞ்சுங்க” என்றேன். கலர் சோடாவை உறிஞ்சுவதுபோலக் கன்னம் ஒட்ட உறிஞ்சி விழுங்கிவிட்டு, “கசக்குது” என்றாள். “மோந்து பாக்குற மாதிரி உள்ள எடுங்க” என்றேன். பம்பை மூக்கில் வைத்துவிட்டாள். மீன்காரி வேறு எங்கே வைப்பாள்? ஜமீலாவும் தன் பங்குக்கு நெஞ்சைத் தொட்டுக் காட்டிப் பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை. வேம்புலியம்மாள் சோர்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நானும் அழுதுவிடுவேன்போல இருந்தேன்.

அப்போது வாசலில் ‘பாம் பாம்’ என்று ரப்பர் ஹாரன் சத்தம் கேட்டது. கஜபதியின் வண்டி. “இன்னாத்துக்கு... கத்துறான்... ஆஸ்பத்திரி... வாசல்லயா” என்று வேம்புலியம்மாள் வெடுக்கென்று எழுந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். பதிலுக்குக் கூவப்போகிறாள். முதலில் நெஞ்சிலிருந்த காற்றையெல்லாம் உஸ்ஸென்று வெளியே விட்டாள். பிறகு நிதானமாக உள்ளே எடுத்தாள், விலா விரிந்தது, தோள் ஏறியது. அந்த உச்சியில் ஒரு கணம் நின்றாள். வாயைத் திறந்தாள். ‘மீ’ என்று வந்தது. அப்புறம் இருமல்.

இருமலை நான் கவனிக்கவே இல்லை. அதற்கு முன்னால் அவள் எடுத்த மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸிங் ஸ்கூலில் எனக்கு இன்ஹேலருக்கென்று சொல்லித் தந்த மூச்சு அதுதான், அச்சு அசல். அதைத்தான் நான் இத்தனை நாளாக அகராதியில் தேடிக்கொண்டிருந்தேன்.

இருமல் அடங்கும்வரை காத்திருந்து அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். “வேம்புலியம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. இப்ப நீங்க கூவப் போறீங்க. சின்னத் தெரு இல்ல, ஏரிக்கரை வரைக்கும் போற நீட்டுத் தெரு. அதுக்கு எப்படித் தம் எடுப்பீங்களோ அப்படியே எடுங்க. நீங்க தம் எடுக்கத் தொடங்குறப்ப நான் பம்பை அமுக்குவேன். ஆனா கூவக் கூடாது. நான் பத்து எண்ணுற வரைக்கும் தம் கட்டிக்கிட்டே இருக்கணும்.”

“கூவ... வேணாமா?”

“வேணாம். கூவுறது உள்ளயே நிக்கட்டும்.”

“அப்ப... ஊதறது?”

“அது முதல்ல. உள்ள இருக்கிற காத்தை வெளிய ஊதிட்டு, அப்புறம் பம்பை வாயில வைங்க.”

ஊதினாள். உதட்டை மூடிப் பம்பைக் கவ்வினாள். விலா விரியத் தொடங்கியதும் அமுக்கினேன். ஒரு துளிப் புகைகூட வெளியே வரவில்லை. தம் கட்டினாள். நான் எண்ண ஆரம்பித்தேன், ஜமீலாவும் சேர்ந்து எண்ணினாள், நடுவில் பெஞ்சிலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆறுக்கு மேல் தாங்க முடியாமல் விட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். இந்தத் தரம் எட்டு.

அவளை அங்கேயே உட்கார்த்தி வைத்துவிட்டு வேறு ஒருவருக்குக் கட்டுப் போடப் போனேன். திரும்பி வந்தபோது அவள் பக்கத்திலிருந்த பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். “சங்கரா கீது, நெத்திலி கீது, பொங்கலு வர்துன்னு இப்பவே வாங்கிக்கினா அப்பால வெல ஏறிடும், இன்னா சொல்ற?” முழு வாக்கியம். நடுவில் ஒரு இடத்தில்கூட அவள் நிற்கவில்லை. சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் டாக்டரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன். ஸ்டெதஸ்கோப்பை அவள் முதுகில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். இந்தத் தரம் அவர் சிரிக்கவில்லை.

பழுப்புப் பம்பையும் அதே மாதிரி எடுக்கச் சொல்லி, எடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளிலிருந்து டிஸ்பென்சரியில் ‘ஊதுற மருந்து’ கிடையாது, ‘கூவுற மருந்து’ என்று பேர் மாறியது. காகிதப் பூக் கிழவரைக்கூட ஜமீலா வீடு தேடிப் போய்க் கூட்டி வந்தாள். “பூவுன்னு கூவ எப்படித் தாத்தா தம் எடுப்பீங்க?” என்று கேட்டாள். அவர் காட்டினார். அமுக்கினாள்.

போகிக்கு முந்தின நாள், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளிலிருந்து நர்ஸுகள் எங்களிடம் வந்திருந்தார்கள். டாக்டர்தான் வரச் சொல்லியிருந்தார். “சொல்லிக் குடுங்க சிஸ்டர், உங்க மீன்காரி வித்தையை” என்று அவரே வாசலில் சாய்ந்து நின்றுகொண்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்தான், ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. முதலில் பால் கவர் கணக்கைச் சொல்லி முடித்தேன். அடுத்து நீலப் பம்பைக் கையில் எடுத்தேன்.

“இழுன்னு சொல்லாதீங்க. ஊதுன்னும் சொல்லாதீங்க” என்று ஆரம்பித்தேன். பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு நர்ஸ், “அப்ப வேற என்னதாங்க சொல்றது?” என்று கேட்டாள்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். தெருவில் கஜபதியின் ஹாரன் ‘பாம் பாம்’ என்றது.

அதன் மேல் ஏறி வந்தது ஒரு ‘மீ’.

ஹாரன் இன்னொரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்தது. ‘மீ’ எங்கள் ஜன்னலைக் கடந்தது, ஸ்டேஷன் பக்கம் திரும்பியது, ஹவுசிங் போர்டு பக்கம் போனது. எதிர்வீட்டில் சட்டி கழுவும் சத்தம் கேட்டது. ஜமீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருமல் வந்துவிடக் கூடாதே என்று நான் ஆண்டவரை வேண்டிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் அறையிலிருந்த நர்ஸுகள் அத்தனை பேரும், வாசலில் நின்ற டாக்டரும், தங்களை அறியாமலே தம் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

“இதைத்தான் சொல்லணும்” என்றேன்.

அப்புறம்தான் ‘னு’ வந்தது.