வண்டி நிற்க வேண்டிய இடம்

அக்கா கடலுக்குள் நீந்தும்போது வாயில் வைத்துக்கொள்ளும் மூச்சுக் குழாயை வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தான் சின்னவன். கால் துடுப்புகளையும் முகமூடிக் கண்ணாடியையும் முன்பே அலசித் துணிக்கொடியடியில் வைத்தாகிவிட்டது. எத்தனை தரம் அலசினாலும் உப்பு போகாத மாதிரியே இருந்தது அவனுக்கு. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். கால் வரவில்லை.

கூடத்தில் அக்காவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். சன்னல் வழியாகப் பேச்சு காதில் விழுந்தது.

"ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை, தங்கமான புருஷன், என்ன குறைச்சல் அவளுக்கு? இந்த வயசுல கடலுக்கு அடியில போயி என்னத்தப் பாக்கணும்?" இது சித்தி.

"கடல் கொண்டு போகணும்னு இருந்திருக்கு," என்றது இன்னொரு குரல்.

கடல் கொண்டுபோகவில்லை. அது அவளை அலுங்காமல் நலுங்காமல், அவள் சொன்ன இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிற்று. அது சின்னவனுக்கும், அவளோடு நீருக்குள் போன தோழியான பல் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

தாடியில் நரை விழுந்த பிறகும் வீட்டில் அவன் சின்னவன்தான். சாமான் ஏற்றும் வேன் ஓட்டுகிறான். யார் கூப்பிட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. "உன்னை மாதிரி நல்லவனை நம்பி ஒரு காரியத்துல இறங்க முடியாதுடா," என்று அக்கா சிரிப்பாள். ஆனாலும் அவனைத்தான் கூப்பிடுவாள்.

போன வாரம் அவனைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தாள். பாறை முனையில் நின்று ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளையை அவனிடம் கொடுத்துவிட்டு, தோலைத் தண்ணீரில் வீசினாள். தோல் கொஞ்சம் தயங்கியது. பிறகு கரையை ஒட்டியபடியே தெற்குப் பக்கம் நகர ஆரம்பித்தது. இரண்டு பேரும் அதோடு கூடவே கரையில் நடந்தார்கள்.

"பாத்தியா? தண்ணி ஏறுற நேரத்துல நீரோட்டம் இப்படித்தான் போகும். முனையில இறங்கினா அதுவே எங்களைக் கூட்டிட்டு வந்துடும்."

"அதுவே கூட்டிட்டு வரும்னா நீ எதுக்கு நீந்தணும்? தலைகாணி வெச்சுப் படுத்துக்கோ."

"அதான்டா இதுல சுகமே."

படகு இறக்கும் பழைய சிமெண்டுச் சரிவு வந்ததும் அவள் நின்றாள். ஆரஞ்சுத் தோல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அதற்கப்பால் செங்குத்துப் பாறை. ஏற வழியில்லை.

"இங்க கரையேறணும். விட்டா ஆபத்து. அதைப் பத்தி நீ கவலைப்படாத, நாங்க பாத்துக்கறோம். உனக்கு ஒரே ஒரு வேலைதான். இது ஒருவழிப் பயணம். எதிர்நீச்சல் போட்டுத் திரும்ப முடியாது. டாக்டர் காரு, போனு எல்லாம் அந்தப் பக்கம் பாறை முனையில கிடக்கும். நாங்க ஏறும்போது உன் வண்டி இங்க நிக்கணும்."

"நிக்கும்."

"எங்க சொல்லு?"

"இங்க, தாயே, இங்க!" என்று சரிவின் மேல்விளிம்பில் காலால் ஓங்கி மிதித்துக் காட்டினான். அவள் கடைசிச் சுளையையும் அவன் வாயில் திணித்தாள்.

நேற்றுக் காலை கூட்டாளி ஒருவன் கூப்பிட்டான். ஒரு ஃப்ரிட்ஜை மாடிக்கு ஏற்ற வேண்டும், ஒரு கை பிடித்தால் போதும் என்றான். போய்ப் பிடித்தான். மாடிப்படி வளைவில் ஃப்ரிட்ஜ் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கூட்டாளியின் மனைவி கொடுத்த மோரை வேறு நின்று நிதானமாகக் குடித்தான். அக்கா காத்திருப்பாள், கொஞ்சம் திட்டுவாள், அவ்வளவுதானே என்று நினைத்ததுதான் இப்போது நெஞ்சில் முள்ளாக நின்றது.

அவன் போய்ச் சேர்ந்தபோது சரிவுக்கு மேலே, ஏற்றத்தின் உச்சியில் சாலையை அடைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தான். ஒருவன் திரும்பிப் பார்த்து முறைத்தான். சின்னவன் ஹாரனை இன்னும் பலமாக அடித்தான். கூட்டம் விலகியபோது நடுவில் அக்கா கிடந்தாள்.

வீட்டின் பின்கதவு திறந்தது. பல் டாக்டர் வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அழுது ஓய்ந்த முகம்.

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல," என்றாள் மெதுவாக. "ஆஸ்பத்திரியிலயும் சொன்னாங்க. இதயம் முன்னாடியே பழுதாம். எங்க வேணா, எப்ப வேணா நடந்திருக்கும்னு."

"அந்த ஏத்தத்துல அவ நடந்தே இருக்க வேண்டாமே, டாக்டர்."



அதற்குள் அத்தான் பின்வாசற்படியில் வந்து நின்றார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தன் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு இவர்களைத் தேடினார்.

"சின்னவா, அவ நீலச் சுடிதார் உன் வண்டியிலதானே இருக்கு? முந்தின நாளே மடிச்சுக் கொண்டாந்து வெச்சாளே. அதைப் போட்டுவிடலாம்னு சித்தி சொல்றாங்க. எடுத்துட்டு வா."

"சரி, அத்தான்."

அவர் திரும்பப் போனார். போனவர் நின்றார்.

"ஏன் அதை மாத்திக்கல அவ? ஈரத்தோட ஒரு நிமிஷம் நிக்க மாட்டாளே. வண்டி பக்கத்துலதானே நின்னுச்சு?"

"நின்னுச்சுண்ணா," என்றாள் டாக்டர் சட்டென்று. "அவதான் கொஞ்சம் காத்தாட நடக்கறேன்னு மேல..."

"இல்ல அத்தான்." சின்னவனின் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "வண்டி அங்க இல்ல. நான் வரல. ஃப்ரிட்ஜ் தூக்கப் போயிட்டேன். என்னைத் தேடித்தான் அவ ரோட்டுக்கு ஏறியிருக்கா."

உள்ளே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். அத்தான் வெகுநேரம் அவனைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

அவர் டாக்டரிடம் திரும்பினார். "வண்டி இல்லைன்னதும் கோவப்பட்டாளா?"

டாக்டர் இல்லையென்று தலையசைத்தாள். "சிரிச்சா. எவனாவது கூப்பிட்டிருப்பான், போயிருப்பான், நீ சாமானைப் பாத்துக்கோ, நான் மேல போய் நிக்கறேன், இல்லைன்னா நம்மளைத் தேடி அலைவான்னு சொல்லிட்டுப் போனா. நேத்து தண்ணிக்கு அடியில தெளிவுன்னா அப்படி ஒரு தெளிவு. ஏறுனதுலேர்ந்து சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா."

அத்தான் உள்ளே போய்விட்டார்.

சின்னவன் வேனிலிருந்து சுடிதாரை எடுத்து வந்து சித்தியிடம் கொடுத்தான். பிறகு கூடத்துக்குள் நுழையாமல் வாசல் சுவரோரமாக, யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டான்.

வெயில் தாழ்ந்ததும் சவப்பெட்டியை எடுக்க ஆட்களைக் கூப்பிட்டார்கள். தலைமாட்டில் ஒரு பக்கம் அத்தான் குனிந்து பிடித்தார். கால்மாட்டில் அவளோடு வேலை பார்த்த இரண்டு பேர். தலைமாட்டின் மறுபக்கத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அத்தான் நிமிராமலே வேண்டாம் என்று தலையசைத்தார். அவர் ஒன்றும் புரியாமல் விலகிக்கொண்டார்.

"நேரமாகுதுப்பா, தூக்குங்க," என்றது ஒரு குரல்.

அத்தான் தூக்கவில்லை. யாரும் பிடிக்காத அந்த மூலையைப் பார்த்தபடி குனிந்தே இருந்தார். மற்ற இரண்டு பேரும் குனிந்தபடியே இருந்தார்கள்.

சின்னவன் சுவரை விட்டு நகர்ந்தான். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி வழிவிட்டார்கள். அவன் வந்து சேரும்வரை யாரும் தூக்கவில்லை.