முற்பகல் காற்று

அலாரம் அலறியதும் ஜோசியர் கையிலிருந்த காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

“இப்ப யாரு செத்தாங்க?” என்று கத்தியவர், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். எதிர் மேஜைக்காரியின் அண்ணன் இறந்து இன்னும் அரை வருஷம்கூட ஆகவில்லை. அதுவும் இதே நிலையத்தில்.

“யாரும் சாகல. என் அலாரம்தான்” என்றாள் எதிர் மேஜையிலிருந்த புயல்.

தினமும் ஆடி அசைந்து தாமதமாக வருவதால் அவளுக்கு அந்தப் பெயர். கணினியில் வானிலையைக் கணித்துப் பாதி நாள் கோட்டை விடுவதால் அவருக்கு இந்தப் பெயர்.

வேலை என்னவோ புயலுக்கும் காற்றோடுதான். விமானமும் பலூனும் எட்டாத உயரத்தில், விண்ணிலிருந்து விழும் துகள்கள் எரிந்து கோடு போட்டுவிட்டுப் போகும். நிலையத்துக் கம்பங்கள் அனுப்பும் ரேடியோ அலை அந்தக் கோட்டில் பட்டுத் திரும்பும். கோடு எந்தப் பக்கம் நகர்கிறதோ, காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது என்று அர்த்தம். சூரியச் சூட்டில் அந்தக் காற்று கடல் மாதிரி அலையாகப் பொங்கும், வடியும். ஆனால் ஒரு நாளைப் போல மறுநாள் இருக்காது. அந்த மாறுதலை அளக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

அதனால்தான் நேற்று அந்த விசித்திர அலாரத்தை எழுதி வைத்தாள். மற்ற அலாரங்கள் ஏதாவது மாறினால் அடிக்கும். இது, எதுவுமே மாறாவிட்டால் அடிக்கும்.

“மூணு வாரமா காலைக் காத்து ஒரே மாதிரி இருக்குன்னு நெனச்சேன். மாதிரி இல்ல சார், அதேதான். ஒரு புள்ளி பிசகல. அச்சடிச்ச மாதிரி இருக்கு. மத்தியானம் ஆனா ஒழுங்கா மாறுது.”

“உங்க அண்ணன் மேல போயி காத்துக்குக் கடிவாளம் போட்டுட்டாரோ என்னமோ” என்று சட்டையைத் துடைத்தார் ஜோசியர். “எப்படியோ, நம்ம நிலையத்துத் தலைமைப் பெரியவர் தலைகால் புரியாம இருக்காரு. முற்பகல் அலை உறைஞ்சுபோச்சுன்னு சாயங்காலம் ஊர் உலகத்துக்கெல்லாம் அறிக்கை அனுப்பறாராம். உங்க பேர்தான் முதல்ல.”

“அதுதான் பயமா இருக்கு. தப்பாப் போச்சுன்னா, அப்புறம் நம்ம நிலையத்துக் கணக்கை எவனும் சீண்ட மாட்டான்.”

சில வாரங்களாகவே காலை வரைபடம் மேலேறும்போதெல்லாம் அவள் பின்கழுத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது. யாரிடம் போய் இதைச் சொல்வது?

இந்தக் காற்று எந்த நாளின் காற்று என்று பழைய பதிவுகளில் தேடச் சொன்னாள். கணினி ஒரு தேதியைக் காட்டியது.

அண்ணன் இறந்த தேதி.

வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல், இத்தனை வருஷம் அவள் திரும்பிப் பார்க்காத இடத்தைத் திறந்தாள். தரையை ஒட்டி வரும் எதிரொலிகளை நிலையத்தில் குப்பை என்பார்கள். மேலே போகும் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வரும்போதே வெட்டி எறியும்படி அவளே நிரல் எழுதியிருந்தாள். இன்று அந்த வெட்டை எடுத்துவிட்டாள்.

திரையின் அடியில் ஒரு சின்னப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது.

முதல் கம்பத்தருகே நின்றது. பிறகு இரண்டாவது கம்பத்தை நோக்கிக் கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் நின்று, மறுபடி நடந்தது. இரும்பு ஏணியைத் தோள் மாற்றிக்கொள்ள அப்படி நின்று நின்று போகிறவன் இந்த நிலையத்தில் ஒருவன்தான் இருந்தான்: கம்பங்களைப் பழுது பார்த்த அவள் அண்ணன்.

ஜன்னலுக்கு ஓடினாள். வெளியே கம்பங்கள் ஐந்தும் வெயிலில் நின்றன. நடுவில் ஒரு காக்கைகூட இல்லை.

திரும்பிப் பார்த்தாள். திரையில் புள்ளி நடந்துகொண்டே இருந்தது.

“சார், அறிக்கையை அனுப்ப வேண்டாம்னு பெரியவர்கிட்ட சொல்லுங்க.”

“என்னன்னு சொல்றது?”

“நான் வந்து சொல்றேன்!”

கீழ்த்தளத்தில், கம்பங்களுக்கு வரும் எதிரொலியைப் பிடித்துப் பதியும் ரிசீவர் அறை. அண்ணனின் மனைவிதான் அதன் பொறுப்பாளர். கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை. அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், பழைய பதிவைச் சோதனைக்காக ஓட்டும் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கம்பங்களிலிருந்து வரும் கேபிள் கழற்றித் தொங்கியது.

“அண்ணி...”

“சத்தம் போடாதம்மா. மூணாவதுக்கு வந்துட்டாரு.”

“நிஜ வானத்தைக் கழட்டி விட்டுட்டு, அண்ணன் போன அன்னிக்குப் பதிவானதை ஓட்டுறீங்களா? தினமுமா?”

“சோதனைன்னு குறி போட்டுத்தானே ஓட்டுறேன். நீ பாத்துத் தள்ளிடுவேன்னு நெனச்சேன்.”

அந்தக் குறி பதிவின் அடிப்பகுதியில்தான் வரும். குப்பையோடு குப்பையாக அதையும் அவளுடைய நிரல் வெட்டி எறிந்திருந்தது. உலகத்துக்குச் சொல்ல இருந்த உறைந்த அலை, இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

“பெரியவர் இப்ப கீழ வருவாரு. இதைப் பாத்தா உங்க வேலை போயிடும். நிறுத்திடலாம், அண்ணி. எழுந்திருங்க.”

“வேலை போனா போகட்டும்.”

புள்ளி நான்காவது கம்பத்தைத் தாண்டியது. அடுத்தது ஐந்தாவது. அன்று மழை ஈரம் காயாத அந்தக் கம்பத்தில் ஏறித்தான் அண்ணன் விழுந்தான். இதற்குமேல் அவளால் பார்க்க முடியாது. பெட்டியின் விசையில் கை வைத்தாள்.

அண்ணி அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய உள்ளங்கை கொதித்தது. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் புள்ளி நின்றிருந்தது.

“கொஞ்சம் பொறுடி” என்றாள் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இந்த எடத்துல, நேத்து நின்னதைவிட இன்னிக்கு ரொம்ப நேரமா நிக்கிறாரு.”