ஒடால்மிஸை என்னவென்று சொன்னார்கள்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் காதால் கேட்டது ஒரு கூச்சலும், அதற்குப் பின் எழுந்த சிரிப்பும்தான். மாதாமாதம் இருபத்தொன்பதாம் தேதி, மாண்டிவிடியோ நகரில் எல்லார் வீட்டிலும் நியோக்கி சாப்பிடுவது வழக்கம். அந்த உருளைக்கிழங்கு உருண்டைகளை வாங்க நிபியா கடை வரிசையில் கால் கடுக்க நின்றிருந்தேன். மூடிய சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கியூபாக்காரியின் குரல். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

ஒடால்மிஸ் அழுதுகொண்டே மாவைப்...

வேண்டாம். அவள் அழுகிற ஆளில்லை. மறுபடி:

ஒடால்மிஸின் சோதனைக் காலம் முடிந்தது. அவளை வைத்துக்கொள்ளலாமா என்று முதலாளி நிபியா சமையலறையில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டாள்.

"எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, ஒடால்மிஸ். நீ குவாப்பாவாம். வாஷிங்டன் ரெண்டு தடவை சொன்னான். நாளைக்குப் பேசி முடிச்சிடலாம்."

அவள் ஊர் ஹவானாவில் குவாப்பா என்றால் சண்டைக்காரி. இந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. (எழுதும்போது எனக்கே பாவமாக இருந்தது.) துரத்துவதற்குள் தானே போய்விடலாம் என்று மறுநாள் ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

3

வாஷிங்டனை (பெயர்தான் அப்படி, அசல் உள்ளூர்க்காரன்) முதலில் கோள்மூட்டுகிறவனாக எழுதினேன். வேஷம் ஒட்டவில்லை. அவனே வந்து கேட்டான்:

"என்ன, நேத்துலேருந்து உம்முனு இருக்கே? உடம்பு சரியில்லையா?"

"சண்டைக்காரின்னு போட்டுக் குடுத்துட்டு, குசலம் வேற விசாரிக்கிறியா?"

"யாரு, நானா?"

"நீதான்! குவாப்பான்னு ரெண்டு தடவை!"

"அடிப்பாவி! எங்க ஊர்ல குவாப்பான்னா மாடா உழைக்கிறவ! நீ இல்லாட்டி இன்னிக்கு இந்தக் கூட்டத்தை யாரு சமாளிக்கிறது?"

[அடிக்குறிப்பு: அந்தச் சொல்லைத் தமிழில் 'கைகாரி' என்று போட்டுப் பார்த்தேன். அதுவும் பாராட்டா ஏச்சா என்று சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஒடால்மிஸ் கேட்டதோ நிபியா வாய்வழியாக.]

4

நிபியா ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள் என்று ஒரு முடிவு எழுதினேன். சினிமா, அடித்துவிட்டேன். ஒடால்மிஸ் வீம்பாகக் கிளம்பிப் போகிறாள் என்று இன்னொன்று. கையே வரவில்லை.

ஆகவே கேட்டதை மட்டும் சொல்கிறேன். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் கத்தினாள்:

"நீதாண்டா குவாப்போ!"

சமையலறையே சிரித்தது.

ஆணுக்குச் சொன்னால் குவாப்போ. அவள் ஊர் அர்த்தத்திலா, அவன் ஊர் அர்த்தத்திலா? அந்த நேரம் ஏப்ரன் மேசையில் கிடந்ததா, இடுப்புக்கு ஏறியிருந்ததா? கதவு மூடியிருந்தது, நான் பார்க்கவில்லை. நியோக்கி மட்டும் தட்டுத் தட்டாக வந்துகொண்டே இருந்தது.

முடிச்சை நீங்களே போட்டுவிடுங்கள்.