ஏழு குண்டூசி

அந்த வீட்டில் ஒரு சுடுசொல்லுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் சுவர் உள்ளே நகர்ந்தது. வெளியிலிருந்து அளந்தால் பழைய அளவுதான், உள்ளேதான் குறைந்தது. தையல்காரர் முதலில் சந்தேகப்பட்டது தன் டேப்பை. பத்து வருடமாக ஊரார் இடுப்பை அளந்து இழுபட்டுப் போயிருக்கும் என்று புது டேப் வாங்கினார். அதுவும் அதையேதான் காட்டியது.

கல்யாணமான புதிதில் பன்னிரண்டடி இருந்த அறை, மனைவியின் தம்பியைப் பற்றி ஒரே சாயங்காலம் நடந்த பேச்சில் பதினோரு அடியானது. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "சுவர்ல ஒரு கோளாறும் இல்ல, குடியிருக்கறவங்க வாயிலதான் இருக்கு" என்று சொல்லிப் போனார். காரணம் தெரிந்தும் வாய் அடங்கவில்லை. இவர் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொன்னாள். அலமாரி வெளியே போனது, பிறகு சாப்பாட்டு மேஜை. மன்னிப்புக் கேட்டும் பார்த்தார்கள். சுவர் அதைச் சட்டை செய்யவில்லை.

எட்டாவது வருடம் அறையில் மிஞ்சியது எதிர்ச்சுவரை ஒட்டிய தையல் மெஷினும், அதை ஒட்டி மகளின் மரக்கட்டிலும்தான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நகரும் சுவர், நடுவே சரியாக ஓர் அங்குலம். ஒரு மத்தியானம் காய்ச்சலில் அனத்திய குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து கட்டிலில் கிடத்திய கையோடு மனைவி வெடித்தாள்.

"எல்லாத்துக்கும் நான் ஒருத்தியே அலையணும். உங்களுக்கு மெஷின்தான் பெண்டாட்டி, மெஷின்தான் பிள்ளை!"

சுவர் நகர்ந்து கட்டிலைத் தொட்டது. பலகை முனகியது. இருவரும் அதைக் கேட்டார்கள். அப்படியும் பதில் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, தம்பியை இழுக்கும் அதே பழைய பதில். ஆனால் யாருடைய கோட்டுக்கோ விளிம்பு மடித்துக்கொண்டிருந்ததால் உதட்டில் ஏழு குண்டூசி. ஒவ்வொன்றாக எடுத்துத்தான் பேச முடியும். முதல் ஊசியை எடுத்து ஆத்திரத்தோடு சட்டைக் கையில் குத்தினார். மூன்றாவதில் அவள் கையிலிருந்த மருந்துச் சீட்டு வியர்வையில் நனைந்திருப்பதைப் பார்த்தார். ஐந்தாவதில் குழந்தை புரண்டு படுத்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை என்று கண்டார்.

ஏழாவதையும் எடுத்துவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றது நிஜம்தான். நாளைக்கு நான் தூக்கிட்டுப் போறேன். முதல்ல உட்காரு."

சண்டைக்குத் தயாராக நின்றவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். சுவர் ஒரு நூல் பின்வாங்கியது. எட்டு நூல் சேர்ந்தால்தான் ஓர் அங்குலம்.

அதன்பின் அவர் மகான் ஆகிவிடவில்லை. எட்டு நல்ல பதிலில் மீட்டதை ஒரே சொல்லில் விட்ட நாட்கள் நிறைய. அவளும் அடுப்படியில் உதட்டில் நாலு ஊசியோடு சமைக்கப் பழகினாள். மேஜை உள்ளே வரப் பத்தொன்பது வருடமானது. ஊசி டப்பா அதன்மேல் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது.

கல்யாணமாகிப் போன மகள் ஒருநாள் தனியாக வந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, "அம்மா, எங்க வீட்டுக் கதவு கட்டில்ல இடிக்க ஆரம்பிச்சிருக்கு" என்றாள்.

அம்மா டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். அப்பா எழுந்து போய்த் தன் பழைய டேப்பை எடுத்து வந்து கொடுத்தார்.