பிள்ளைகள் வரும் நேரம்

"ஏர்போர்ட்டுக்கு அப்பறம் போகலாம். முதல்ல அவரு வேலை பாத்த தோட்டத்துக்கு விடு" என்றாள் மீனாம்பாள். வளைகுடாவில் டிரைவராக இருக்கும் ஊர்க்காரன் பாண்டித்துரை அதற்குள் வண்டியை ஹைவேயில் ஏற்றியிருந்தான்.

"மதினி, ராத்திரி ஃபிளைட்டுல அண்ணனோட சவப்பெட்டியும் ஏறுது. நேரமாகிருமே?"

"ஆகட்டும். அவரு புள்ளைங்களைப் பாக்காம நான் ஏறமாட்டேன்."

பாண்டித்துரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் புருசன் கார்மேகத்துக்கு ஏது பிள்ளை? அந்தக் குறையைத்தானே ஊரே வாய் ஓயாமல் மெல்லுகிறது!

சாயங்காலமானால் கார்மேகம் இங்கிருந்து ஊரிலிருக்கும் மீனாம்பாளுக்குப் போன் பண்ணுவான். பேச்சுக்கு நடுவே குழாயைத் தட்டுகிற சத்தம் கேட்கும். "புள்ளைங்க வந்துட்டாங்க, போனை வையி" என்பான். யார் பெற்ற பிள்ளைகள் என்று கேட்டால் சிரிப்பான். அங்கே வேறு குடும்பம் வைத்திருக்கிறானோ என்று அவளுக்குச் சந்தேகம். மாரடைப்பு என்று கேட்டு விசிட் விசாவில் ஓடிவந்தாள். பாவி மனுசன் கடைசிவரை கண் திறக்கவில்லை.

அங்கே தோட்டமே இல்லை. பட்டுப்போன பேரீச்ச மர அடிகளுக்கு நடுவே வன்னி மரங்கள் நின்றன. சுற்றிலும் கம்பி வேலி. காவலாளி மக்தூம் "மாஃபி" என்று கையை விரித்தான். "முடியாதாம். இன்னிக்கு யாரையும் உள்ள விடக்கூடாதாம் மதினி" என்றான் பாண்டித்துரை.

"கார்மேகம் சம்சாரம்னு சொல்லு."

"மேகம் பாய்?" மக்தூம் எழுந்து கதவைத் திறந்துவிட்டான். இந்தியில் அவன் சொல்லச் சொல்ல, பாண்டித்துரை தமிழில் சொல்லிக்கொண்டே நடந்தான்.

"தண்ணி உப்பாப் போனதும் மொதலாளி பண்ணையை விட்டுட்டாராம். பேரீச்சைக்குத் தண்ணி பாய்ச்சுன அண்ணன்தான் இந்த வன்னியெல்லாம் நட்டிருக்காரு. அப்பறம் மானைக் கொண்டாந்து விட்டாங்களாம். அண்ணன் படுத்ததுலருந்து இவன் குழாயை எப்படித் தட்டுனாலும் ஒரு மானும் பகல்ல தண்ணித் தொட்டிக்கு வரலையாம்."

தொட்டியோரம் ஒரு ஸ்பேனர் கிடந்தது. மீனாம்பாள் அதை எடுத்தாள். வால்வைத் திறந்துவிட்டுக் குழாயைத் தட்டினாள். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒன்று. எத்தனை வருசமாய்க் காதில் விழுந்த சத்தம்!

வன்னி நிழலிலிருந்து ஒரு மான் தலையை நீட்டியது. பின்னாலேயே குட்டியோடு இன்னொன்று. பிறகு கூட்டமாக வந்தன.

"அட என் சாமி..." என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

போன் அடித்தது. ஊரிலிருந்து நாத்தனார் நாகவள்ளி.

"மதினி, கொள்ளி யாரு வைக்கிறதுன்னு இங்க ஒரே சண்டை. புள்ளையில்லாத மனுசன்னு ஆளாளுக்கு..."

"நான் வைப்பேன்னு சொல்லிரு."

"பொம்பளை எப்படி மதினி..."

"நான்தான் வைப்பேன். புள்ளைங்க வந்துட்டாங்க, போனை வையி."

குட்டி மான் தண்ணீர் எட்டாமல் தொட்டி விளிம்பை நக்கியது. அவள் வால்வை இன்னும் ஒரு சுற்றுத் திருப்பினாள்.