பழங்காநத்தத்தில் ஒரு ஜாக்கிரதையான ஃப்ளெக்ஸ்

என் தாய்மாமன் அழகுபாண்டிக்கு எதற்கெடுத்தாலும் ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும். எனக்குக் காது குத்தியதற்கு வைத்தார், பன்னிரண்டாம் வகுப்பு பாஸானதற்கு வைத்தார். பிசியோதெரபி கடைசி வருட ஆய்வை நான் எழுதி முடித்த பிறகும் மனிதர் சும்மா இருப்பார் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஆய்வு மூட்டு வலியைப் பற்றியது. எங்கள் பழங்காநத்தத்துப் பெண்கள் சிலரை நாற்காலியில் உட்காரவைத்து, காலை நீட்டி மடக்கும் பயிற்சி கொடுத்து, இரண்டு மாதம் கவனித்தேன். பெரும்பாலானவர்களுக்கு வலி குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. 'இப்பயிற்சி மூட்டு வலியைக் குணப்படுத்தும்' என்று எழுதி, வழிகாட்டியான பாண்டிமீனா மேடத்திடம் நீட்டினேன்.

"ஒரு தெருவப் பாத்துட்டு ஊருக்கே தீர்ப்பு சொல்றியாக்கும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர நேரம் காலம் கிடையாது. இருந்தாலும் உட்கார்ந்து திருத்தினேன். 'குணப்படுத்தும்' போய் 'ஓரளவு குறைக்கக்கூடும்' வந்தது. 'அனைவருக்கும்' போய் 'பங்கேற்றவர்களில் பலருக்கு' வந்தது. கடைசியில் 'மேலும் ஆய்வு தேவை'. முடித்துப் படித்தபோது, யார் எந்த வரியைக் கேட்டாலும் பதில் சொல்லலாம் என்ற தைரியம் எனக்கே வந்திருந்தது.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்கு முதல் நாள் காலை மேடம் போன் செய்தார். "சத்யா, மூட்டு வலிக்கு நீ எப்பம்மா முற்றுப்புள்ளி வச்ச? ரவுண்டானாவுல போட்டிருக்கே!"

ரவுண்டானாவுக்கு ஓடினேன். ஃப்ளெக்ஸில் கையைக் கட்டிக்கொண்டு ஆளுயரத்துக்கு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே, 'மூட்டு வலிக்கு முற்றுப்புள்ளி வைத்த எங்கள் குலவிளக்கே!' காலுக்குக் கீழே சொந்தக்காரர்கள் முகமெல்லாம் வரிசையாக.

மறுநாள் வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் இதைத் தாண்டித்தான் கல்லூரிக்கு வர வேண்டும். பார்த்தால் என் ஆய்வில் ஒரு வரியையாவது நம்புவாரா? நாலு வருடப் படிப்பு ரவுண்டானாவில் தொங்குகிறதே என்று அழுகையே வந்துவிட்டது.

"கழத்துங்க மாமா! பலருக்கு ஓரளவு கொறையலாம்னுதான் நான் எழுதியிருக்கேன்!" என்று, கீழே நின்று அண்ணாந்து ரசித்துக்கொண்டிருந்த மாமாவிடம் கத்தினேன்.

"வச்சதக் கழத்துனா நாலு பேரு என்ன நெனப்பான்? நம்ம புள்ள கண்டுபிடிச்சதச் சந்தேகமா எதுக்குத்தா சொல்லணும்?"

"சந்தேகம் இல்ல மாமா. பாத்தத மட்டும் சொல்றது."

அவர் காதில் அது ஏறினால்தானே. அந்த நேரம் பார்த்து, இட்லிக் கடை வைத்திருக்கும் அவருடைய மாமியார் முனியாயி காலைத் தாங்கித் தாங்கி வந்து சேர்ந்தார். அவரும் என் ஆய்வுக்கு வந்தவர்தான்.

"மாப்ள, இதுல என் போட்டோவும் இருக்கு. எனக்கு இன்னும் வலிக்குதே! இட்லி வாங்க வாரவுக பூராம், 'ஒங்க வீட்டுப் புள்ளதான் வலியவே ஒழிச்சிருச்சே, நீ ஏன் நொண்டுற'ன்னு கேக்குறாக. அப்ப நான் நடிக்கிறேனா?"

மாமியாரை எதிர்த்து மாமா ஒரு வார்த்தை பேசியதில்லை. ஃப்ளெக்ஸைப் பார்த்தார். மாமியாரின் முழங்காலைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"அத்தைக்காகத்தேன் 'பலருக்கு'ன்னு எழுதுனியாத்தா?"

"அவுகளுக்காக மட்டும் இல்ல மாமா. நான் பாக்காத எல்லாருக்காகவும்தான்."

அடுத்த நிமிடம் அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, முகேஷின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நான் சொல்லச் சொல்ல முகேஷ் அடித்தான். "இம்புட்டு இழுக்கணுமா?" என்று மாமா முனகினாரே தவிர, ஒரு எழுத்தைக்கூடக் குறைக்கவிடவில்லை. சாயங்காலம் ரவுண்டானாவில் புதியது ஏறியது. மஞ்சள் எழுத்தில், 'எங்கள் குலவிளக்கு சத்யப்ரியாவின் ஆய்வில் பங்கேற்றவர்களில் பலருக்கு மூட்டு வலி ஓரளவு குறைந்ததாகத் தெரிகிறது! மேலும் ஆய்வு தேவை!'

மறுநாள் தேர்வாளர் என் ஆய்வைத் திறப்பதற்கு முன் தன் போனைத் திறந்து காட்டினார். அதில் அந்த ஃப்ளெக்ஸ்.

"இவ்வளவு ஜாக்கிரதையான ஃப்ளெக்ஸை நான் பார்த்ததே இல்லம்மா," என்று சிரித்தார். "சரி, அந்தப் 'பலருக்கு'ல வராதவங்களுக்கு ஏன் குறையல?"

முனியாயியைச் சொன்னேன், பெயரைச் சொல்லாமல். நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்ப்பவர், அது காரணமாக இருக்கலாம், ஆனால் அதை நான் தனியாகச் சோதிக்கவில்லை, அதனால் உறுதியாகத் தெரியாது என்றேன். அவர் மேடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மேடத்தின் முகத்தில் அப்படியொரு பெருமை. "பாஸ்மா, போயிட்டு வாங்க," என்றார் தேர்வாளர்.

வெளியே வந்ததும் மாமாவின் போன். "என்னத்தா ஆச்சு?"

"பாஸாகியிருக்கக்கூடும்னு தெரியுது மாமா. மேலும் ஆய்வு தேவை."

"அடி வாங்கப்போற! இதுல மட்டும் இழுக்காமச் சொல்லு!"

"பாஸ் மாமா! நிச்சயமா பாஸ்!"

வராந்தாவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் மாமா யாரிடமோ கத்துவது கேட்டது. "ஏய் முகேஷு, இன்னொரு ஃப்ளெக்ஸு போடுறா!"